தவணையில் பெரிய குளிர்சாதனப் பெட்டி வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் வசிக்கிறோம். வீட்டில் நான்கு பேர்; நானும் என் கணவரும் வேலைக்குச் செல்வதால், ஞாயிறுதோறும் ஒரு வாரத்துக்கான காய்கறிகளையும் பழங்களையும் மொத்தமாக வாங்கிவிடுகிறோம். மாதம் 6,000 ரூபாய் செலவாகிறது. அதில் கால் பங்காவது வாடியோ அழுகியோ குப்பைக்குப் போகிறது. 42,000 ரூபாய் விலையுள்ள இரட்டைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டியை வட்டியில்லாத் தவணையில் வாங்கினால் இந்த இழப்பு நிற்குமா?

பதில்: நீங்கள் சொல்லும் கால் பங்கு மாதம் 1,500 ரூபாய், ஆண்டுக்கு 18,000 ரூபாய். இதை இழப்பு என்று கண்டுகொண்டு கணக்கிட்டிருக்கிறீர்களே, அது பெரிய விஷயம். ஆனால் இப்போதைக்குப் பெட்டி வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. ரொக்கமாக வாங்கினால் கிடைக்கக்கூடிய தள்ளுபடியை இழப்பது, செயலாக்கக் கட்டணம், அதன்மீது ஜிஎஸ்டி என்று ஏதோ ஒரு வழியில் அந்தச் செலவு உங்களிடம் வந்து சேரும். மின்சாரத்தையும் பாருங்கள்: தமிழ்நாட்டில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது.

உங்கள் வீட்டில் காய்கள் கெடுவதற்கு இடப்பற்றாக்குறையைவிட, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வைப்பதே முக்கியக் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வாழை, மா, பப்பாளி, தக்காளி போன்றவை பழுக்கும்போது எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அவற்றின் அருகில் வைத்த கீரை விரைவில் மஞ்சளாகிறது, கேரட் கசக்கிறது, வெள்ளரி தளர்ந்துபோகிறது. ஆகவே பழங்களுக்கென்று தனிக் கூடை வையுங்கள். வாழைப்பழத்தையும் பழுக்காத தக்காளியையும் வெளியிலேயே வைக்கலாம். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் காற்றோட்டமான இடத்தில் தனித்தனியாக வைக்க வேண்டும். உருளைக்கிழங்குக்கு வெளிச்சம் படக்கூடாது, குளிர்ச்சியும் ஆகாது, ஏனெனில் குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது கறுத்துவிடும்.

கீரை, கொத்தமல்லி, கறிவேப்பிலை ஆகியவற்றைக் கழுவிவிட்டு வைப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. ஈரமே அழுகலுக்கு வழி. வேரையும் மண்ணையும் அகற்றி, ஈரம் உலர்ந்த பின் மெல்லிய பருத்தித் துணியில் சுற்றிக் காய்கறித் தட்டில் வைத்து, சமைக்கும்போது மட்டும் கழுவுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டும். கீரையையும் வெண்டைக்காயையும் வாரத்தின் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் சமைத்துவிட்டு, முட்டைக்கோஸ், பீட்ரூட், பூசணி, சேனை ஆகியவற்றைப் பின்னுக்குத் தள்ளினால், வேறெந்த ஏற்பாட்டையும்விட இந்த வரிசையே உங்களுக்கு அதிகம் மிச்சப்படுத்தும்.

வாங்கும் கணக்கையும் மாற்றிப் பாருங்கள். கிலோ 30 ரூபாய் என்று மூன்று கிலோ தக்காளி வாங்கி ஒரு கிலோவை எறிந்தால், உண்டதற்கு நீங்கள் கொடுத்த விலை கிலோ 45 ரூபாய். கிலோ 35 ரூபாய் என்றாலும் இரண்டு கிலோ மட்டும் வாங்கியிருந்தால் 20 ரூபாய் கையில் நின்றிருக்கும். வாரத்தின் நடுவில் ஒருநாள் காலை உழவர் சந்தைக்குச் செல்ல முடிந்தால், ஞாயிறன்று வாங்கும் அளவைப் பாதியாக்கிவிடலாம்.

இவற்றால் மாதம் 1,000 ரூபாய் மிச்சமாகும் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தனியே எடுத்து வைக்காவிட்டால் வேறு செலவில் கரைந்துவிடும். ஆகவே சம்பளம் வந்த அன்றே அதை அஞ்சலகத் தொடர் வைப்பில் செலுத்துங்கள், 6.7 சதவீத வட்டியில் ஐந்தாண்டு முடிவில் 71,000 ரூபாய்க்கு மேல் கிடைக்கும்.

இப்போதுள்ள பெட்டியில் ஒரு சோதனையும் செய்யுங்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால் அது தடையின்றி வந்துவிட்டால், கதவின் ரப்பர் பட்டை தளர்ந்திருக்கிறது. புதுப் பெட்டி வாங்குவதோடு ஒப்பிட்டால் அதை மாற்றும் செலவு மிகச் சிறியது. பட்டையை மாற்றிய பிறகும் உள்ளே 4 டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி நிற்கவில்லை என்றால், அப்போது புதுப் பெட்டி வாங்குவது நியாயமான செலவுதான். அதையும் தவணையில்லாமல், சேர்த்த பணத்தில் ரொக்கமாக வாங்குங்கள்.