சுபேதார் பதில்கள்: உளவுப் பிரிவுக்கு நான் பொருத்தமானவனா?

(இராணுவ உளவுப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்று, இராயபுரத்தில் வசிக்கும் முன்னாள் சுபேதார் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. பி.காம். முடித்துவிட்டுத் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வேலையை விடாமல் டெரிடோரியல் ஆர்மியின் (பகுதிநேர இராணுவப் படை) உளவுப் பிரிவில் சேர ஆசை. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒருமுறை பார்த்த லாரியின் நம்பரைக்கூட மறக்க மாட்டேன். நண்பர்கள் என்னை 'சி.பி.ஐ.' என்றுதான் கூப்பிடுவார்கள். கிடங்கில் ஒருமுறை எடை வித்தியாசம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை வந்து சென்னையில் குண்டு போட்ட கதையைத் தாத்தா சொல்லக் கேட்டே வளர்ந்தேன். நான் பொருத்தமானவனா? – க.ச., தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, 'உளவுப் பிரிவுக்கு ஆள் தேவை' என்று டெரிடோரியல் ஆர்மி தனியாக விளம்பரம் கொடுத்து நான் பார்த்ததில்லை. அதில் பெரும்பாலானவை காலாட்படைப் பட்டாலியன்கள்தான். நம் மாநிலத்தில் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் இருக்கின்றன. பட்டாலியனுக்குள் உளவுக்கென ஒரு சிறிய செக்ஷன் இருக்கும். முதலில் படைக்குள் போக வேண்டும். பிறகு அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைப்பதா என்பதைக் கமாண்டிங் ஆபீசர் பார்த்துக்கொள்வார். அரிய திறமைக்கு மட்டும் தனி வழி திறப்பதுண்டு. 2023-ல் சீன மொழி தெரிந்த சிலரை அப்படித்தான் எடுத்தார்கள். உங்களுக்குச் சீன மொழி தெரியுமா என்று எழுதவில்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள்.

இதைச் சொல்லாமல் விட மனமில்லை. மேலே அச்சாகியிருப்பது உங்கள் மூன்று பக்கக் கடிதத்தில் கால்வாசி. மீதியை ஆசிரியரிடம் சொல்லி நானே வெட்டச் சொன்னேன். கிடங்கின் பெயர், பாதுகாப்புத் துறைச் சரக்கு எந்தக் கிழமையில் வரும் என்ற விவரம், கடற்படையில் இருக்கும் உங்கள் மைத்துனர் எந்தக் கப்பலில் இருக்கிறார், அது எப்போது கரைக்கு வருகிறது என்பது வரை எல்லாம் அதில் இருந்தன. உங்களிடம் நான் ஒன்றுமே கேட்கவில்லை. முகம் தெரியாத ஒரு கிழவனுக்கு, தபால்தலை ஒட்டி, நீங்களே அனுப்பிவிட்டீர்கள். இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறவன் முதலில் பார்ப்பது இதைத்தான். கண்டதைச் சொல்லாமல் இருக்க உங்களுக்கு வருகிறதா? மனைவிக்கு இந்த ஆசை தெரியாது என்கிறீர்கள். டீக்கடை நண்பர்களுக்குத் தெரியும் என்கிறீர்கள். தலைகீழாக இருக்கிறது.

அடுத்து எம்டன். எங்கள் வேலையில் வந்து சேரும் ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு மதிப்பெண் போடுவது பழைய வழக்கம். சொன்னவருக்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து. சொன்ன விஷயத்துக்கு 1 முதல் 6 வரை ஓர் எண். ஏ-1 என்றால் நம்பிக்கையான ஆள், வேறு வழிகளிலும் உறுதியான செய்தி. எஃப்-6 என்றால் ஆளையும் எடைபோட முடியவில்லை, செய்தியையும் எடைபோட முடியவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்தைச் சுட்டதும், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததும் ஏ-1. உயர் நீதிமன்றச் சுவரில் கல்வெட்டே இருக்கிறது. செண்பகராமன் அதில் வந்தார் என்பது? அந்தக் கப்பல் சீனக் கரையிலிருந்து கிளம்பி வந்தது. அந்த நாட்களில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவை நடத்திக்கொண்டிருந்ததற்குப் பதிவு உண்டு. கப்பலில் இருந்ததற்கு ஆவணம் இல்லை. உங்களுக்கு 29 என்றால் தாத்தா 1914-ல் பிறந்தே இருக்க மாட்டார். அவருக்கும் யாரோ சொன்னதுதான். தாத்தாவை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் அதை நடந்த சம்பவமாக எழுதினீர்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

லாரி நம்பர் நினைவிருப்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சுங்கச்சாவடிக் கேமராவுக்கு உங்களைவிட நினைவு அதிகம். ஆனால் அந்த எடை வித்தியாசம்! கடிதத்தில் நீங்கள் அவசரமாகத் தாண்டிப் போன இடம் அது. ஆவணத்தில் ஓர் எடை, எடைமேடைச் சீட்டில் வேறோர் எடை. கூட இருந்தவர்கள் 'கடத்தல்' என்று கூச்சல் போட்டபோது, நீங்கள் பெட்டியின் கதவில் எழுதியிருந்த காலி எடையைப் போய்ப் பார்த்து, ஆவணத்தில் அதைத் தப்பாக ஏற்றியிருப்பதைக் கண்டுபிடித்தீர்கள். யாரையும் திருடன் ஆக்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். உளவு வேலையில் முக்கால் பங்கு இப்படித்தான் போகும். துரத்தல் எல்லாம் கிடையாது. சலிப்பூட்டும் காகிதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அதிகாரி 'உறுதியா?' என்று அதட்டும்போது 'இதுவரை உறுதி, இதற்கு மேல் தெரியாது' என்று சொல்ல வேண்டும். அதட்டலுக்குப் பயந்து தெரியாததையும் சேர்த்துச் சொல்கிறவன் ஆபத்தானவன்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். விடியற்காலையில் காசிமேடு மீன் ஏலத்துக்குப் போங்கள். வாங்க வேண்டாம், நில்லுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு தாளை மூன்றாகக் கோடு போட்டு, பார்த்தது, கேட்டது, ஊகித்தது என்று பிரித்து எழுதுங்கள். வஞ்சிரம் கூடை நேற்றைவிட அதிக விலைக்குப் போனது பார்த்தது. 'நாலு படகு இன்னும் திரும்பவில்லையாம்' என்பது கேட்டது. அதனால்தான் விலை ஏறியது என்பது ஊகம். இந்த ஊகத்தை முதல் கட்டத்தில் எழுதிவிட்டீர்களா என்று மறுநாள் பாருங்கள். என்னிடம் வந்த பிள்ளைகளில் பலர் இங்கேதான் சறுக்கினார்கள்.

விண்ணப்பிப்பதற்குத் தடையில்லை. அதிகாரிக்கு வயது 18 முதல் 42, பட்டப்படிப்பு, சொந்தமாகச் சம்பாதிக்கும் வேலை வேண்டும். எழுத்துத் தேர்வு, நேர்முகம், பிறகு ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் தேர்வு). அங்கே 15 விநாடிக்கு ஒரு சொல் வீதம் 60 சொற்களைக் காட்டி மனத்தில் தோன்றுவதை எழுதச் சொல்வார்கள். படம் பார்த்துக் கதை எழுதும் தேர்வின் கடைசியில் படமே இல்லாத வெற்று அட்டையைக் காட்டிக் கதை கேட்பார்கள். மனப்பாடம் செய்து போனவன் அங்கே மாட்டிக்கொள்வான். தேர்வானால் முதல் ஆண்டில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, ஆண்டுதோறும் இரண்டு மாத முகாம், முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் டேராடூனில் மூன்று மாதம். அழைப்பு வந்தால் அதற்கு மேலும் போக வேண்டும். அப்படிப் போனவரைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் விதி உண்டு. ஆனாலும் முதலாளியிடம் முன்கூட்டியே பேசுங்கள். அதற்கும் முன்னால் மனைவியிடம்.

இன்றைய நிலையில் என் மதிப்பீடு: கைக்கு வேலை தெரியும், வாய்க்குத் தெரியாது. ஓராண்டு வாயை அடக்கிப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். வயது இருக்கிறது.

கேள்வி: தோனி, மோகன்லால் எல்லாம் தேர்வு எழுதாமலே லெப்டினன்ட் கர்னல் ஆனார்களே, நமக்கு மட்டும் ஏன் இத்தனை தேர்வு? – வாசகர், வியாசர்பாடி

பதில்: அவை கௌரவப் பதவிகள். மோகன்லாலுக்கு 2009-ல், தோனிக்கு 2011-ல் கொடுத்தார்கள். தோனி 2019-ல் காஷ்மீரில் தம் பட்டாலியனோடு ரோந்துப் பணிக்கும் போனார், அதையும் சொல்ல வேண்டும். நீங்கள் ஓர் உலகக் கோப்பையை வென்றுவிட்டு எழுதுங்கள், தேர்வு வேண்டாம் என்று நானே சிபாரிசு செய்கிறேன்.

கேள்வி: 'மிலிட்டரி இன்டெலிஜென்ஸ் ரிசர்வ்' அடையாள அட்டை தருவதாகச் சொல்லி ஒருவர் என் மகனிடம் பணம் கேட்கிறார். பாதியை அனுப்பியும் விட்டான். கொடுக்கலாமா? – ஒரு தாய், கொருக்குப்பேட்டை

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இராணுவத்தில் எந்த அட்டையும் விலைக்கு வராது. உளவுப் பிரிவில் இருப்பவன் அதை அட்டை அடித்துக் காட்டிக்கொண்டு திரியவும் மாட்டான். போனில் அனுப்பிய பணம் என்றால் இன்றே சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள். காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். அந்த ஆளின் குறுஞ்செய்திகளைப் பையன் பயத்தில் அழித்துவிடப் போகிறான், அதற்குள் போனை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.