40இல் ஏன் மங்கல்?

கேள்வி: நுணுக்குக்காட்டியில் 10 மடங்குப் பொருளியில் (மாதிரிக்கு அருகிலுள்ள வில்லை) வெங்காயத்தோல் தெளிவாகத் தெரிகிறது, 40க்கு மாற்றினால் மங்கல். ஏன்?
– தரம் 10 மாணவி, வெள்ளவத்தை

பதில்: முதலில் மாதிரி வைத்த கண்ணாடித் தகட்டை, அதாவது வழுக்கியைப் பாருங்கள் பிள்ளை, தலைகீழாக இருக்கும்! மாதிரியின் மேல் வைக்கும் மூடுகண்ணாடியின் தடிப்பு 0.17 மி.மீ.தான், வழுக்கியோ ஏறத்தாழ 1 மி.மீ. 40 மடங்குப் பொருளி பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தூரத்திலேயே குவியும். இடையில் வழுக்கி நின்றால் எட்டாது. பெரிய திருகியைத் திருப்பினால் கண்ணாடி நொறுங்கும். நுண்திருகி மட்டும் போதும்.

வழுக்கி சரியென்றால், பொருளியின் நுனியில் எண்ணெய் பட்டிருக்கலாம். வில்லைத்தாளில் சிறிது எதனோல் தொட்டு ஒற்றுங்கள் (சட்டை நுனி வேண்டவே வேண்டாம்). எதனோல் போத்தலில் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் தீச்சுவாலை இருக்கிறதல்லவா? அருகில் பன்சன் சுடரடுப்பு எரியக்கூடாது.

கொழும்பு ஈரப்பதத்தில் வில்லையில் பங்கசு பிடிக்கும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள்.