கையில் ஒரு இன்டர்ன்ஷிப், இறுதிச் சுற்றில் இன்னொன்று: வெள்ளிக்கிழமைக் கெடுவுக்குள் என்ன செய்வது?

ஒரு நிறுவனம் இன்டர்ன்ஷிப் தந்து வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறது, இன்னொரு நிறுவனத்தின் இறுதிச் சுற்று இன்னும் முடியவில்லை என்றால், கெடு முடியும்வரை மௌனமாக இருக்காமல், இன்றே முதல் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு எழுதி ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். "வாய்ப்புக்கு மிக்க நன்றி, வேறொரு தேர்வின் இறுதிச் சுற்று நிலுவையில் இருப்பதால், என் முடிவை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க அனுமதிப்பீர்களா?" என்பது போதும். மற்ற நிறுவனத்தின் பெயரையோ உதவித்தொகையையோ குறிப்பிட வேண்டியதில்லை.

உங்களுக்கு இப்படியொரு கெடு இருப்பதே நீங்கள் காத்திருக்கும் இரண்டாம் நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். அதைப் பணிவாகச் சொல்லி, நேர்காணலை முன்னதாக நடத்த இயலுமா என்று கேளுங்கள். கேட்பதில் தவறேதும் இல்லை.

அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். முதல் வாய்ப்பு கல்லூரியின் பிளேஸ்மென்ட் பிரிவு வழியாக வந்திருந்தால், ஒன்றை ஏற்றவர் வேறு தேர்வுகளில் கலந்துகொள்ளக் கூடாது என்ற விதி பல பொறியியல் கல்லூரிகளில் உண்டு. இன்டர்ன்ஷிப்புக்குச் செல்ல ஆட்சேபம் இல்லை என்று கூறும் தடையின்மைச் சான்றிதழையும் (NOC) கல்லூரிதான் தர வேண்டும் என்பதால், பொறுப்பாசிரியரிடம் விதியைக் கேட்டறிந்த பிறகே மின்னஞ்சலை அனுப்புங்கள்.

அவகாசம் மறுக்கப்படவும் கூடும். அப்போது, பிறகு விலகிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துடன் கையொப்பமிட வேண்டாம், ஏனெனில் அந்த நிறுவனம் அடுத்த ஆண்டு உங்கள் ஜூனியர்களைத் தேடி வராமலே போகலாம். இரண்டாம் வாய்ப்பு இல்லையென்றே வைத்துக்கொண்டு, முதல் நிறுவனத்தின் இன்டர்ன்ஷிப் உங்களுக்கு உகந்ததா என்று மட்டும் பார்த்து முடிவெடுங்கள்.