சந்தேகத்தின் பலன் யாருக்கு?

கேள்வி: கொடூரமான கொலை வழக்குகளில்கூட, 'குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை' என்று சொல்லி எதிரிகளை (குற்றம் சாட்டப்பட்டவர்களை) விடுதலை செய்துவிடுகிறார்களே, இது பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இழைக்கும் அநீதி இல்லையா?
– வாசகி ஒருவர், விருதுநகர்

பதில்: உங்கள் வேதனை நியாயமானது. ஆனால், சாட்சியத்தைக் கறாராகச் சோதிப்பது எதிரிக்குக் காட்டும் சலுகை என்ற எண்ணத்தை மட்டும் ஏற்க இயலாது. அந்தச் சோதனை தவறினால் பாதிக்கப்பட்டவரும் சேர்ந்தே தோற்கிறார்.

2003 ஜூன் மாதம், மகாராஷ்டிரத்தின் நாசிக் அருகே ஒரு குடும்பத்தின் குடிசைக்குள் புகுந்தவர்கள் ஐந்து பேரைக் கொன்றார்கள். படுகாயங்களுடன் உயிர் பிழைத்த தாய், போலீஸார் காட்டிய பழைய குற்றவாளிகளின் புகைப்பட ஆல்பத்தைப் பார்த்து நால்வரை அடையாளம் காட்டினார். வழக்கோ, நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த வேறு ஆறு பேர் மீது நடந்தது. 2006இல் விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்கும் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் மூவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் மீண்டும் தூக்கை உறுதி செய்தது. சம்பவத்தின்போது அறுவரில் ஒருவர் சிறுவர் என்பதே பிற்பாடுதான் நிரூபணமானது. மறுஆய்வில் வழக்கு திரும்பத் திறக்கப்பட்டு, 2019 மார்ச் 5 அன்று ஆறு பேரையும் அதே உச்ச நீதிமன்றம் குற்றமற்றவர்களென விடுவித்தது. ஆல்பத்தில் அடையாளம் காட்டப்பட்ட நால்வரைப் பற்றிய விசாரணையைப் புலன் விசாரணை அதிகாரிகள் ஏன் தொடரவில்லை என்ற கேள்வி அந்தத் தீர்ப்பின் மையத்தில் இருக்கிறது. அறுவரும் சிறையில் கழித்த ஆண்டுகளில் அந்தத் தாய்க்குக் கிடைத்த நீதி என்ன என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் மாநிலத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கில், மரண தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்தது. டிஎன்ஏ அறிக்கை இருந்தும் அந்தத் தண்டனை நிற்கவில்லை. மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றன, எங்கே வைக்கப்பட்டிருந்தன என்பதை அரசுத் தரப்பால் முறையாகக் காட்ட முடியவில்லை. ஆய்வகம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும், அங்கு வந்து சேர்ந்த பொட்டலம் சம்பவ இடத்தில் சீலிட்டதுதானா என்பது ஐயத்துக்குரியதானால் அந்த அறிக்கையை நம்பி ஓர் உயிரை எடுக்க முடியாது. மாதிரிகளை 48 மணி நேரத்துக்குள் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், கை மாறிய விவரங்களுக்குத் தனிப் பதிவேடு வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று மறுநாள் செய்தித்தாளில் படித்தவுடன் நம் மனம் தீர்ப்பை எழுதிவிடுகிறது. போலீஸாரிடம் அளித்த வாக்குமூலம் எதிரிக்கு எதிரான சாட்சியம் ஆகாது என்பது பாரதிய சாக்ஷ்ய அதினியம் எனும் புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. பழைய சட்டத்திலும் அதுவே விதி. அவர் சொன்னதன் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதனோடு நேரடித் தொடர்புடைய பகுதி மட்டுமே ஏற்கப்படும். அதனால்தான் கைப்பற்றுதல் மகஜரும் (பொருளைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன் எழுதப்படும் பதிவு), அதில் கையெழுத்திட்ட சாட்சிகள் கூண்டில் சொல்வதும் அத்தனை முக்கியம் பெறுகின்றன. அந்த இடத்தில் ஓட்டை விழுந்தால் கோபம் நீதிபதி மீது அல்ல, மகஜர் எழுதியவர் மீது வர வேண்டும்.

கேள்வி: தவறாகத் தண்டிக்கப்பட்டுச் சிறையில் ஆண்டுகளை இழந்தவருக்கு இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடமுண்டா?
– வாசகர் ஒருவர், நாகர்கோவில்

பதில்: இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2018இல் சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில் அப்படியொரு சட்டம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஆதாரமின்றிக் கைது செய்ய வைத்தவரிடமிருந்து பெறக்கூடிய தொகையின் உச்சவரம்பு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்ததைப் போலவே, 2024இல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 1,000 ரூபாய்தான் என்பது வெட்கப்பட வேண்டிய நிலை. நாசிக் வழக்கில் ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவானது நீதிமன்றத்தின் சிறப்பு அதிகாரத்தால். இப்போதைக்கு உள்ள வழி, அரசமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (உரிமை மீறலுக்கு நேரடியாக நிவாரணம் கேட்கும் மனு) தாக்கல் செய்வதே. விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் சிறையில் இருந்த காலத்துக்கான சான்றையும் முதலில் பெறுங்கள். வழக்கறிஞருக்கு வசதியில்லையெனில், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, கட்டணமின்றி வழக்கறிஞரைக் கேட்கலாம்.