அணைத்துப் போடுவதற்கு முன்: அலுவலகக் கம்ப்யூட்டர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி முடிகின்றன: ‘ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடுகிறது, ஆனால் மறுபடியும் வருகிறது.’ அப்படி மறுபடியும் வருகிறவற்றையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சாதாரண விண்டோஸ் 11 ப்ரோ கம்ப்யூட்டர் ஒன்றைத்தான் சர்வராக வைத்திருக்கிறோம். காலையில் முதலில் வருகிறவர்களுக்கு அதிலுள்ள ஃபோல்டர்கள் திறக்கின்றன. தாமதமாக வருகிறவர்களுக்குத் திறப்பதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் எல்லோருக்கும் சரியாகிறது. வைரஸா சார்?
*நிர்வாகப் பிரிவு வாசகி*

பதில்: வைரஸ் இல்லை. உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: முந்துகிறவருக்குக் கிடைக்கிறது, பிந்துகிறவருக்குக் கிடைப்பதில்லை. விண்டோஸ் 10, 11 ப்ரோ பதிப்புகள் ஃபோல்டர் பகிர்வுக்கு ஒரே நேரத்தில் 20 இணைப்புகளைத்தான் ஏற்கும். 21வது வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடும். ‘இதற்கு மேல் இணைப்புகளை ஏற்க முடியாது’ என்ற பொருளில் திரையிலேயே ஒரு செய்தி வந்திருக்கும். யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். ஓகே பட்டன் பக்கத்திலேயே இருக்கிறதே!

‘நாங்கள் பதினேழு பேர்தானே’ என்று ஆட்களை எண்ணிக்கொண்டு வராதீர்கள். ஸ்கேன் செய்ததை ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போடுகிற ஜெராக்ஸ் மெஷின், மேசைக் கம்ப்யூட்டரோடு லேப்டாப்பும் வைத்திருக்கிற மேலாளர், நேற்று அணைக்காமல் போனவரின் கம்ப்யூட்டர் எல்லாம் கணக்கில் வரும். சர்வரில் ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’ திறந்து, ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’ என்பதன் கீழே ‘செஷன்ஸ்’ பாருங்கள். யார் யார் இணைந்திருக்கிறார்கள், எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டும். சும்மா இருப்பவற்றை அங்கேயே துண்டிக்கலாம். ஆனால் ஃபைலைத் திறந்து வேலை செய்துகொண்டிருப்பவரைத் துண்டித்தால் சேமிக்காத வேலை போய்விடும், அதனால் ஒரு குரல் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இது தற்காலிக ஏற்பாடுதான். நெட்வொர்க்கில் இணைத்து எல்லோரும் ஃபைல் வைத்துக்கொள்கிற ஒரு நாஸ் பெட்டி வாங்குங்கள், அல்லது லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் பகிர்வுக்கான சாம்பா என்ற சாஃப்ட்வேரைப் போடுங்கள். விண்டோஸ் சர்வரே வேண்டும் என்றால் அதைப் பயன்படுத்துகிற ஆட்களுக்கோ கருவிகளுக்கோ தனி லைசென்ஸ் தேவை. பட்ஜெட் போடும்போது பலரும் இதை மறந்துவிட்டு அப்புறம் முழிக்கிறார்கள்.

கேள்வி: தினமும் மாலை ஒழுங்காக ஷட்டவுன் செய்கிறேன். ஆனாலும் ‘இருபது நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது, ரீஸ்டார்ட் செய்யுங்கள்’ என்று ஐடி ஆள் திட்டுகிறார். யார் சொல்வது சரி?
*கணக்குப் பிரிவு வாசகர்*

பதில்: இருவரும். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள் பகுதியை மட்டும் அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்ளும். மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். சுத்தமாகப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட் கொடுத்தால்தான். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் ‘அப்டைம்’ என்று இருக்கும், அதைத்தான் அவர் பார்த்துவிட்டுத் திட்டியிருக்கிறார்.

கேள்வி: எங்கள் சர்வரில் ரெய்டு 1 முறையில், அதாவது ஒன்றில் எழுதுவதை இன்னொன்றிலும் அப்படியே எழுதுகிற மாதிரி, இரண்டு டிஸ்க் இருக்கிறது. ஒன்று போனாலும் இன்னொன்றில் எல்லாம் இருக்கும் என்பதால் பேக்கப் தேவையில்லை என்கிறார் எங்கள் மேலாளர். அவரிடம் எப்படிச் சொல்வது?
*சர்வரைப் ‘பார்த்துக்கொள்ளும்படி’ சொல்லப்பட்ட வாசகர்*

பதில்: அவர் எதிரிலேயே டெஸ்க்டாப்பில் அல்ல, சர்வர் ஃபோல்டரில் ஒரு பொய்க் கோப்பை உருவாக்கி அழித்துக் காட்டுங்கள். ‘இப்போது இரண்டாவது டிஸ்கிலிருந்து எடுத்துத் தருகிறேன்’ என்று சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். ஒன்றில் அழித்தது அதே நொடியில் இன்னொன்றிலும் அழிந்திருக்கும். ரெய்டு காப்பது டிஸ்க் பழுதாவதிலிருந்து மட்டும். தவறுதலாக அழித்தல், ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ்), தீ, திருட்டு, தண்ணீர் எதற்கும் அது பதில் இல்லை. போதாததற்கு, ஒரே பெட்டியிலிருந்து ஒரே நாளில் பிரித்துப் போட்ட இரண்டு டிஸ்குகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் தளர்ந்துபோவதும் உண்டு.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று கட்டடத்துக்கு வெளியே. பழைய விதிதான், இன்றும் அதைவிட எளிதாக யாரும் சொல்லவில்லை. இதோடு நான் சேர்ப்பது: ஒரு பிரதியாவது பிளக்கைப் பிடுங்கி வைத்ததாக இருக்கட்டும். எந்நேரமும் யுஎஸ்பியில் செருகியே இருக்கிற ஹார்ட் டிஸ்க்கையும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும்.

பேக்கப் இருக்கிறது என்று சொல்கிறவர்களிடமும் நான் உடனே சமாதானமாவதில்லை. ஓர் அலுவலகத்தில் தினமும் காலையில் ‘பேக்கப் வெற்றி’ என்று மெயில் வந்துகொண்டிருந்தது, பச்சை டிக் அடையாளத்தோடு. பழைய மெயில்களை வரிசையாகத் திறந்து, கோப்பின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லா நாளும் ஒரே எண். கடைசி இலக்கம்கூட மாறவில்லை. தினமும் பில் போடுகிற ஓர் அலுவலகத்தின் கணக்கு மாதக்கணக்கில் ஒரு கிலோபைட் கூடவா வளராது? விஷயம் இதுதான்: கணக்கு சாஃப்ட்வேரைப் புதிய டிரைவுக்கு மாற்றியிருக்கிறார்கள், பேக்கப் மட்டும் காலியான பழைய வீட்டுக்கே தினமும் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பொய் சொல்லவில்லை பாவம், சொன்ன ஃபோல்டரை வெற்றிகரமாகத்தான் எடுத்திருக்கிறது.

ஆகவே மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு கோப்பை, நேற்று மாற்றியதாகப் பார்த்து, பேக்கப்பிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் பேக்கப்.

கேள்வி: சர்வர் சுமார் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தானாகவே அணைந்து எழுகிறது. மின்தடை எதுவும் இல்லை, யுபிஎஸ்ஸும் இருக்கிறது. ஓஎஸ்ஸை மறுபடி இன்ஸ்டால் செய்துவிடலாமா?
*பெயர் வேண்டாம் என்கிற வாசகர்*

பதில்: கையை எடுங்கள் அதிலிருந்து. முதலில் ஈவென்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பதிவேட்டைத் திறந்து, அணைந்த நேரத்துக்குப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 1074 என்றால் யாரோ அல்லது ஏதோ ஒரு புரோகிராம் முறைப்படி அணைத்திருக்கிறது, பெயரும் அதிலேயே இருக்கும். பெரும்பாலும் அப்டேட்தான். 41, 6008 இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்திருக்கிறது. 41-ஐத் திறந்து உள்ளே ‘பக்செக் கோடு’ பாருங்கள். பூஜ்யம் இல்லை என்றால் நீலத் திரை வந்து விழுந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் திடீரென மின்சாரம் போயிருக்கலாம், அல்லது அசையாமல் உறைந்து நின்றதை யாரோ அணைத்திருக்கலாம்.

‘இரண்டு வாரம்’ என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் யுபிஎஸ் மேல்தான். பல யுபிஎஸ்கள் குறித்த இடைவெளியில் தாங்களாகவே பேட்டரியைச் சோதித்துக்கொள்ளும். இரண்டு வாரம் என்பது அதில் பரவலான இடைவெளி. பேட்டரி செத்திருந்தால், சோதிக்கிற அந்த நொடியில் சுமை தாங்காமல் சர்வரைக் கீழே விட்டுவிடும். லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஆயுள் 3 முதல் 5 ஆண்டு. வெப்பமான அறையில் இன்னும் குறைவு. பேட்டரி மாற்றிய தேதியை யுபிஎஸ் முதுகில் ஒட்டி வையுங்கள். ஒட்டியிருக்கவில்லை என்றால், ரொம்ப நாளாக மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். புதிய பேட்டரி வந்ததும் யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு யுஎஸ்பி கேபிளையும் இணைத்து, சார்ஜ் குறைந்தால் சர்வர் தானே முறையாக அணையும்படி அமைத்துவிடுங்கள். அந்தக் கேபிள் பல இடங்களில் பிரிக்காத கவரிலேயே கிடக்கிறது.

கேள்வி: லினக்ஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. பெரிய லாக் ஃபைலை (நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கிற ஃபைல்) அழித்தேன். அப்படியும் 100 சதவீதம் என்றே காட்டுகிறதே?
*புதிதாக வேலைக்குச் சேர்ந்த வாசகி*

பதில்: அந்த லாகில் எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் அதை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது. பெயர்தான் போயிருக்கிறது, இடம் போகவில்லை. அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்ப வரும், முழு சர்வரையும் எழுப்ப வேண்டாம். அடுத்த முறை அழிக்காமல் ட்ரங்கேட் கட்டளையால் ஃபைலைக் காலியாக்குங்கள், பழைய லாகுகளைத் தானே கழித்துவிடுகிற லாக்ரொட்டேட்டும் அமைத்துவிடுங்கள்.

கேள்வி: மீட்டிங் அறையைச் சுத்தம் செய்த மறுநிமிடம் ஒட்டுமொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. இன்டர்நெட் நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தோம், அவர்கள் பக்கம் எல்லாம் சரியாம். தொடர்பு இருக்குமா?
*பள்ளி அலுவலக வாசகர்*

பதில்: இருக்கும். மேசைக்கடியில் தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையை, பாவம் அனாதையாகக் கிடக்கிறதே என்று யாரோ நல்ல மனதோடு செருகியிருப்பார்கள். அதன் மறுமுனையும் அதே நெட்வொர்க் ஸ்விட்சில் (கேபிள்களையெல்லாம் ஒன்றாக இணைக்கிற பெட்டி) இருந்தால் வளையமாகிவிடும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக அனுப்பப்படுகிற ‘பிராட்காஸ்ட்’ செய்தி உள்ளே வந்தால் சுற்றிச் சுற்றி வந்து பெருகி, வேறு எதற்கும் வழிவிடாது. ஸ்விட்சின் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறிபிடித்த மாதிரி மினுக்கினால் இதுதான். மையத்திலுள்ள ஸ்விட்சிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் போகிற கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்குகின்றனவோ அந்த அறைக்குப் போய்த் தேடுங்கள். ஸ்பேனிங் ட்ரீ வசதியுள்ள ஸ்விட்சாக இருந்தால் அதை ஆன் செய்து வையுங்கள், அதுவே வளையத்தைக் கண்டுபிடித்து அந்தப் போர்ட்டை அடைத்துவிடும். மீட்டிங் அறைக் கேபிள்களின் இரு முனையிலும் எங்கிருந்து எங்கே என்று எழுதி ஒட்டுங்கள், தேவையில்லாததைக் கழற்றி அலமாரியில் போடுங்கள்.