ஆட்குறைப்பு பயம் வந்தால் காரை விற்பதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி: ஐயா, நான் மலேசியாவின் பினாங்கில், பெருநிலப் பக்கம் பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறேன். தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். அடிப்படைச் சம்பளம் 3,800 வெள்ளி (ரிங்கிட்). மூன்று மாதமாக ஓவர்டைம் இல்லை. ஆட்குறைப்பு வரும் என்று பேச்சு அடிபடுகிறது. 1 லட்சம் வெள்ளி கடனில், 3 விழுக்காடு நிலையான வட்டியில், 9 ஆண்டுத் தவணைக்கு ஒரு எஸ்யுவி வாங்கினேன். மாதம் 1,176 வெள்ளி. 48 மாதம் தவறாமல் கட்டியிருக்கிறேன். ஜூருவில் ஒரு பழைய கார் வியாபாரி 58,000 வெள்ளிக்கு எடுத்துக்கொள்கிறேன், பொருளாதாரம் படுத்துவிட்டால் இதுவும் கிடைக்காது என்கிறார். என் மைத்துனரோ, ‘மந்தம் வந்தால் பழைய கார்கள் கொள்ளை மலிவாக வரும், பொறுத்திருந்தால் மகளுக்கு ஒரு மைவி எடுத்துவிடலாம்’ என்கிறார். கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் 3,000 வெள்ளி கையில் தந்து, மீதித் தவணையைத் தானே கட்டிக்கொள்வதாகக் கேட்கிறார். மனைவியிடம் கடன் தீர்ந்த மைவி இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: நண்பரின் யோசனையை இப்போதே ஒதுக்கி வையுங்கள், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். வியாபாரியும் மைத்துனரும் சொல்வதில் ஆளுக்குக் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ‘பழைய கார் விலை’ என்று ஒரே விலை இருப்பதுபோல் இருவரும் பேசுகிறார்கள். மந்தம் வரும்போது எல்லா வண்டியும் ஒன்றாக இறங்குவதில்லை.

ஆசிய நிதி நெருக்கடி அடித்த 1998 நினைவிருக்கிறதா? அதற்கு முந்தைய ஆண்டு மலேசியாவில் 4 லட்சத்துக்கும் மேல் புதிய வாகனங்கள் விற்றன. 1998இல் அது ஏறத்தாழ 1 லட்சத்து 64 ஆயிரமாகச் சரிந்தது. ரிங்கிட் விழுந்தது, வட்டி ஏறியது, வங்கிகள் கடன் தரக் கையை இறுக்கின. கட்ட முடியாதவர்களின் வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. அடி வாங்கியவை பெரும்பாலும் பெரிய எஞ்சின் வண்டிகளும் ஆடம்பர வண்டிகளும்தான். பெட்ரோலுக்கும் சாலை வரிக்கும் பயந்தவன் அவற்றைத் தொடமாட்டான். தொட நினைப்பவனுக்கு வங்கி கடன் தராது.

2020 வேறு கதை. மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பொருளாதாரம் அந்த ஆண்டு ஐந்து விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. ஆனால் ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குக் கடன் தவணையை வங்கிகள் தள்ளிவைத்ததால் ஏலச் சந்தை வெள்ளமாகவில்லை. ஜூன் 15 முதல் உள்நாட்டில் பொருத்தப்பட்ட கார்களுக்கு விற்பனை வரியை அரசாங்கம் முழுமையாக விலக்கியது. புதிய கார் சில ஆயிரம் வெள்ளி இறங்கியதும், ஓராண்டு ஓடிய வண்டியை விற்கப் போனவர் தன் விலையையும் இறக்க வேண்டியதாயிற்று. பழைய வண்டியின் விலைக்கு உச்சவரம்பு கட்டுவது பக்கத்துக் காட்சியறையில் நிற்கும் புதிய வண்டிதான். பிறகு 2021இல் உலகமெங்கும் மின்னணுச் சில்லுக்கு (சிப்) தட்டுப்பாடு வந்தது. உங்கள் தொழிற்சாலைப் பக்கம் ஓவர்டைம் கொட்டிய காலம் அதுவாகத்தான் இருக்கும். புதிய வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க மனமில்லாதவர்கள் பழையதை வாங்கப் போனார்கள். விலை மறுபடி நின்றுகொண்டது.

ஆக, மந்தம் ஒரு பக்கம் வாங்குபவரைக் குறைக்கிறது, இன்னொரு பக்கம் புதிது வாங்க இருந்தவரைப் பழையதுக்கு இறக்குகிறது. புதிய கார் விற்பனை குறைந்தால் பழையதைக் கொடுத்துப் புதியதை எடுப்பவர்களும் குறைகிறார்கள். வியாபாரிக்கு வரவேண்டிய நல்ல வண்டிகளின் வரத்தும் குறைகிறது. இந்த இழுபறியில் தாக்குப்பிடிப்பவை மைவி, ஆக்சியா, சாகா, பெஸ்ஸா போன்ற சின்ன வண்டிகள். இறங்குபவை பெரிய எஸ்யுவி, ஏழு பேர் வண்டி, உயர்ரக இறக்குமதி. இந்தக் கணக்கில் வியாபாரியின் பேச்சு உங்கள் எஸ்யுவிக்கு ஓரளவு பொருந்துகிறது, மைத்துனரின் பேச்சு மகளுக்கு எடுக்க நினைக்கும் மைவிக்குப் பொருந்தவில்லை.

வியாபாரியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அவர் கடையில் நிற்கும் வண்டிகளில் பலவற்றை வங்கிக் கடனில்தான் வாங்கி நிறுத்தியிருப்பார். விற்காத ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது. காலம் மோசமாகும் என்று தோன்றினால் முதலில் அவர் இறக்குவது, வாங்கும் விலையை. விற்கும் விலையை முடிந்தவரை பிடித்துக்கொள்வார். இணையத்தில் உங்கள் ரக வண்டிக்கு 68,000 என்று போட்டிருப்பதைப் பார்த்து மனம் குளிர வேண்டாம். அது கேட்கும் விலை. உங்கள் கைக்கு வருவது வேறு.

இனி உங்கள் கணக்கு.

1 லட்சம் கடன், 3 விழுக்காடு, 9 ஆண்டு என்றால் மொத்த வட்டி 27,000 வெள்ளி. 3 விழுக்காடு என்று கேட்கக் குறைவாகத்தான் தெரியும். அசல் குறைந்தாலும் வட்டி முதல் தொகைக்கே போடப்படுவதால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஐந்தரை விழுக்காட்டை ஒட்டி வரும். நீங்கள் இதுவரை கட்டியது சுமார் 56,400 வெள்ளி. இந்த வகைக் கடனை முன்கூட்டி அடைத்தால் வட்டித் தள்ளுபடியை 78 விதிப்படி போடுவார்கள். அதில் வட்டியின் பெரும்பகுதி தொடக்க ஆண்டுகளிலேயே எடுக்கப்பட்டுவிடும். 60 தவணை மீதமிருக்கும்போது உங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி சுமார் 8,400. அதாவது இன்று கடனை அடைக்க ஏறத்தாழ 62,160 வெள்ளி வேண்டும். 56,000 கட்டியும் கடன் இறங்கியது 38,000கூட இல்லை. (வங்கியிடம் கேட்டுச் சரியான தொகையை எழுத்தில் வாங்குங்கள்; நான் போட்டது மேலோட்டமான கணக்கு.)

வியாபாரி 58,000 தருகிறார். துண்டு விழுவது 4,160 வெள்ளி. இதைப் பார்த்துத்தான் நீங்கள் தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். கார் போய், கையிலிருந்தும் பணம் கொடுக்க வேண்டுமா என்று யாருக்கும் மனம் வராது.

ஓராண்டு காத்திருந்தால் என்ன ஆகும்? 12 தவணையாக 14,100 வெள்ளி கட்டுவீர்கள். கடனை அடைக்க வேண்டிய தொகை சுமார் 51,050ஆக இறங்கும். சாதாரண ஆண்டில் வண்டி 5,000, 6,000 இறங்கும் என்று வைப்போம். 52,000க்கு விற்று ஆயிரம் வெள்ளி மிச்சம் பார்க்கலாம். மந்தம் வந்து அதைப்போல இரு மடங்கு, 11,000 வெள்ளி விழுந்தால் 47,000. அப்போதும் துண்டு விழுவது ஏறத்தாழ இதே நான்காயிரம்தான். வண்டி விலை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சரிந்தால்கூட, விற்பனைக் கணக்கில் இன்றைய நிலைக்குக் கீழே போகமாட்டீர்கள். விலை வீழ்ச்சியைச் சொல்லி வியாபாரி காட்டும் அவசரம் உங்களுக்குத் தேவையில்லாத அவசரம்.

அப்படியானால் வைத்துக்கொள்ளச் சொல்கிறேனா என்றால், இல்லை. விற்றுவிடுங்கள் என்றே சொல்வேன். காரணம் அந்த 14,100 வெள்ளி. 3,800 சம்பளத்தில் சேமநிதியும் சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) போய்க் கையில் வருவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த ஒரு வண்டிக்கே போகிறது. அதன்மேல் பெட்ரோல், காப்புறுதி, சாலை வரி, தீவுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் பினாங்குப் பாலத்தில் டோல் 5.74 வெள்ளி. ஓவர்டைம் இருந்தவரை இது தாங்கியது. இப்போது இல்லை.

வேலை போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். சொக்சோவின் வேலைவாய்ப்புக் காப்புறுதி முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு தரும். இரண்டாம் மாதம் 50. மூன்று, நான்காம் மாதங்களில் 40. ஐந்து, ஆறாம் மாதங்களில் 30. உங்கள் சம்பளத்துக்கு ஐந்தாம் மாதம் வருவது சுமார் 1,140 வெள்ளி. உங்கள் கார் தவணை 1,176.

வாடகைக் கொள்முதல் சட்டப்படி தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் வங்கி 21 நாள் நோட்டீஸ் அனுப்பலாம். அதன் பிறகு வண்டியை இழுத்துப்போகலாம். வண்டி விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டியவரிடமிருந்து எடுக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். நீங்கள் இன்னும் அந்தக் கோட்டைத் தொடவில்லை. இழுத்துப்போன வண்டி ஏலத்தில் போகும் விலை எப்படி இருக்கும் என்று உங்கள் மைத்துனரே சொல்லியிருக்கிறார், கொள்ளை மலிவு என்று. அந்த மலிவின் இழப்பு உங்கள் தலையில்தான் விழும். ஏலத் தொகைக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசம், இழுத்த செலவு, நிறுத்திவைத்த செலவு எல்லாவற்றையும் வங்கி உங்களிடம் கேட்கும். சாவியை நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று நம் ஆட்களில் பலர் நம்புகிறார்கள். தீராது. ஒப்படைத்த வண்டியும் ஏலத்துக்குத்தான் போகும், ஏலத்தில் விழுந்த துண்டுக்கான பில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

இன்று 4,160 கொடுத்து வெளியே வந்தால், மூன்றரை மாதத் தவணையில் அது திரும்பிவிடும். அந்தத் தொகையைத் தனிநபர் கடனாக வாங்காதீர்கள். சேமிப்பிலிருந்து எடுங்கள், போதாவிட்டால் சேமநிதியின் நெகிழ்வுக் கணக்கில் இருப்பதைத் தொடலாம். ஓய்வுக்கால அசலைப் பிடுங்காத கணக்கு அது, இப்படிப்பட்ட சமயத்துக்காகவே வைத்தார்கள்.

உடனே ஜூருவுக்கு ஓட வேண்டாம். ஒரே ஒரு வியாபாரியின் விலை விலையாகாது. தீவில் ஒருவரிடமும் புக்கிட் மெர்தாஜாமில் ஒருவரிடமும் காட்டுங்கள். வியாபாரிகளைப் போட்டி போடவிட்டு வாங்கும் இணைய நிறுவனங்களிலும் விலை கேளுங்கள். போகும்முன் சர்வீஸ் புத்தகம், இரண்டாவது சாவி, சாலை வரி எல்லாம் கையில் இருக்கட்டும். பம்பர் கீறலுக்கு 800 வெள்ளி செலவழித்துப் பெயின்ட் அடிக்காதீர்கள், அது திரும்பி வராது. டயர் வழுக்கையாக இருந்தால் பேரம் பேச இடம் கொடுத்ததாகும் என்பதை மட்டும் எதிர்பார்த்திருங்கள். நேரடியாகத் தனியாருக்கு விற்றால் நான்கைந்தாயிரம் கூடுதலாகக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. துண்டே விழாமல் போகலாம். ஆனால் வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்க வேண்டும், புஸ்பாகோம் வாகனச் சோதனை, சாலைப் போக்குவரத்து இலாகாவில் (ஜேபிஜே) பெயர் மாற்றம், உங்கள் வங்கியின் உரிமை நீக்கம் என்று வாரக்கணக்கில் இழுக்கும். ஒரு மாதம் முயன்று பாருங்கள். தவணையை அந்த மாதமும் கட்டிவிடுங்கள்.

வேலைக்கு எப்படிப் போவது? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் பலவற்றுக்குப் பெருநிலத்திலிருந்து ஆள் ஏற்றும் பேருந்து ஓடுகிறது. உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஷிஃப்ட் நேரத்துக்கு ஒத்துவராவிட்டால் மோட்டார் சைக்கிள். 2019 முதல் பாலத்தில் அதற்கு டோல் கிடையாது. மழைக்காலத்தில் பாலத்தின் நடுவே காற்று அடிக்கும்போது என்னைத் திட்டுவீர்கள், தெரியும்.

மகளுக்குக் கார் என்ற பேச்சைத் தள்ளிவையுங்கள். 2024இல் மலேசியாவில் விற்ற 8 லட்சத்து 16 ஆயிரம் புதிய வாகனங்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் மைவியைத் தயாரிக்கும் பெரோடுவாவின் வண்டிகள். மந்தம் வந்தால் இன்னும் பலர் அதே மைவியைத்தான் தேடுவார்கள், நீங்கள் எதிர்பார்க்கும் மலிவு அங்கே கிடைக்காது. ஏலத்தில் எடுக்கலாம் என்று மைத்துனர் அழைத்துப்போனால், வண்டியைச் சுற்றி வந்து பார்க்கலாமே தவிர ஓட்டிப் பார்க்க முடியாது. இருந்தபடியே எடுக்க வேண்டும். கியர்பாக்ஸ் போயிருந்தால் ஏலத்தில் மிச்சம் பிடித்தது மெக்கானிக்குக்குப் போகும். நன்றாகப் பராமரித்த மைவி ஏற்கெனவே உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது.

இனி நண்பர். இதற்கு நம் ஊரில் ‘சம்புங் பாயார்’ என்று பெயர் வைத்து, ஏதோ உதவி செய்வதுபோல் பேசுகிறார்கள். வங்கியின் சம்மதமில்லாமல் தவணை வண்டியைக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம். கடனும் வண்டியும் உங்கள் பெயரில், ஓட்டுபவர் அவர். அவர் நான்காம் மாதம் கட்டாமல் விட்டால் வங்கி உங்களைத் தேடும், உங்கள் கடன் பதிவு கெடும். அவர் வாங்கும் போக்குவரத்துச் சம்மன் உங்கள் பெயருக்கு வரும். மோதிவிட்டு ஓடினால் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். நாளை ஆட்குறைப்பு வந்தால் உங்களோடு சேர்ந்து அவருக்கும் வேலை போகலாம், ஒரே தொழிற்சாலை அல்லவா? அவருக்கு உண்மையாகவே வண்டி வேண்டுமென்றால் வங்கியில் அவர் பெயரில் கடன் போடட்டும். கிடைத்தால் அவரே உங்கள் நல்ல தனியார் வாடிக்கையாளர்.

விற்பதற்கு முன்பே ஆட்குறைப்புக் கடிதம் வந்துவிட்டால், முதல் தவணை தவறும் வரை காத்திருக்காமல் வங்கிக்குப் போய்த் தவணையை மறுசீரமைக்கக் கேளுங்கள். வங்கி இழுத்தடித்தால் ஏகேபிகே இருக்கிறது. 2006 முதல் இயங்கும், மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் ஆலோசனை அமைப்பு, கட்டணம் கிடையாது. இதற்குப் பணம் வாங்கும் ‘ஏஜெண்டு’ யாரிடமும் போகாதீர்கள்.

வண்டி கைமாறியதும் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவித்து மீதிக் காலத்துக்கான பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கோராமை கழிவு (இழப்பீடு கோராமல் இருந்ததற்குச் சந்தாவில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுடையது, வண்டியோடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் டோலுக்கான ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அன்றே கணக்கிலிருந்து நீக்குங்கள். இல்லாவிட்டால் புது உரிமையாளர் பாலம் கடக்கும் ஒவ்வொரு தடவையும் 5.74 வெள்ளி உங்கள் பணப்பையிலிருந்து போகும்.