உப்பளத்துக்குள் ஒளிந்திருக்கும் உலோகம்: சோடியம் பற்றிக் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில், சோடியத்தைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற வாரம் சொல்லியிருந்தேன். அம்பாசமுத்திரத்திலிருந்து ஆறுமுகநேரி வரை பலரும் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுபோல வந்த கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தருகிறேன்.

"ஐயா, நான் பிளஸ் டூ படிக்கிறேன். சோற்றுக்குப் போடும் உப்பிலும் சோடியம்தான், ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் மூழ்கிக் கிடப்பதும் சோடியம்தான் என்கிறார்கள். ஒன்றைத் தின்கிறோம், மற்றதைத் தொடவே கூடாது என்கிறார்கள். இது எப்படி?" (மாணவி, மேலப்பாளையம்)

நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறாய், அம்மா. சோடியம் அணுவில் பதினோரு எலெக்ட்ரான்கள் உள்ளன. பத்து எலெக்ட்ரான்கள் உள்ளே இறுக்கமாக அமைந்திருக்க, பதினோராவது மட்டும் வெளிக்கூட்டில் தனித்து நிற்கிறது. அதை எவரிடமாவது தள்ளிவிடுவதற்கே அந்த அணு காத்திருக்கிறது. தள்ளிவிட்ட பின் எஞ்சுவது சோடியம் அயனி. அதற்கு இனிக் கொடுக்கவும் வாங்கவும் ஒன்றுமில்லாததால், அது சாதுவாகிவிடுகிறது. உப்பில் இருப்பது கடனைத் தீர்த்துவிட்ட இந்தச் சோடியம். மண்ணெண்ணெய்க்குள் கிடப்பதோ இன்னும் தீர்க்காதது. ஈரக்காற்று பட்டால் போதும், அங்கேயே கணக்கை முடிக்கப் பார்க்கும்.

உலோகமாக அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மண்ணெண்ணெயிலிருந்து இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, கத்தியை வைத்து அழுத்தினால், உடன்குடிக் கருப்பட்டி போல நொறுங்காமல், கெட்டிப்பட்ட வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வெட்டுப்படும். வெட்டிய முகம் புது வெள்ளிக் கொலுசு போல மின்னும். அந்த மினுக்கத்தைக் காட்டுவதற்காக வகுப்பில் துண்டைத் தூக்கிப் பிடித்தால், பின் பெஞ்சுப் பையன்கள் எழுந்து நின்று பார்ப்பதற்குள் சாம்பல் பூத்துவிடும். தண்ணீரைவிடச் சற்றே லேசானது (ஒரு கனசென்டிமீட்டர் 0.97 கிராம்), ஆனால் மண்ணெண்ணெயைவிடக் கனமானது. ஆகவே தண்ணீரில் மிதக்கும், மண்ணெண்ணெயில் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உருகுநிலை 98 டிகிரி செல்சியஸ், அதாவது தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கும் கொஞ்சம் கீழே.

"இதைக் கண்டுபிடித்தவர் யார்? உப்பு மனிதனுக்கு ஆதிகாலத்திலிருந்தே தெரியும்போது, உலோகம் மட்டும் ஏன் அவ்வளவு தாமதம்?" (ஆசிரியர், அம்பாசமுத்திரம்)

1807 அக்டோபரில், இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரித்தெடுத்தார். தாமதத்துக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று, தகுந்த கருவி இல்லாமையும்தான். இரும்பையும் செம்பையும் கரியோடு சூளையில் இட்டு மனிதர்கள் பிரித்துவிட்டார்கள். சோடியமோ அந்தக் காலத்து அடுப்புகளுக்கு மசியவில்லை. 1800இல் வோல்டா மின்கலத்தை அமைத்த பிறகுதான், தீயைவிடக் கூர்மையான ஓர் ஆயுதம் கைக்கு வந்தது.

டேவி முதலில் காரங்களைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் செலுத்திப் பார்த்தார். வந்தது வெறும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். முழுக்க உலர்ந்த கட்டியிலோ மின்சாரமே ஓடவில்லை. பிறகு, காற்றின் ஈரம் மட்டும் லேசாகப் பட்ட எரிபொட்டாஷில் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) பெரிய மின்கல அடுக்கை இணைத்தபோது, பாதரசம் போன்ற சிறு மணிகள் தோன்றிச் சில வெடித்து எரிந்தன. அது பொட்டாசியம். அந்த மணிகளைப் பார்த்ததும் டேவி அறைக்குள் துள்ளிக் குதித்ததாக, உடனிருந்த உறவினர் எட்மண்ட் டேவி எழுதி வைத்திருக்கிறார். சில நாள்களிலேயே எரிசோடாவிலிருந்து (அதுதான் காஸ்டிக் சோடா) சோடியத்தையும் அதே வழியில் பெற்றார். இதற்கு இன்னும் வலுவான மின்சாரம் தேவைப்பட்டது. சோடாவிலிருந்து வந்ததால் சோடியம் என்று பெயர். அதன் குறியீடான 'என்ஏ' என்ற எழுத்துகள் நேட்ரியம் என்ற இலத்தீன் பெயரிலிருந்து வந்தவை. அது எகிப்தின் ஏரிப் படிவான நேட்ரானை நினைவூட்டுவது. நம் ஊரில் வெளுப்பதற்கு எடுத்த உவர்மண்ணும் ஏறத்தாழ அதன் பங்காளிதான்.

"அண்ணாச்சி, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக உப்பளத்தில் இருக்கிறது. நாங்கள் வாரும் உப்பிலிருந்து சோடியம் எடுக்கலாமா? பக்கத்தில் காஸ்டிக் சோடா ஆலையே இருக்கிறதே, அங்கே எடுக்கிறார்களா?" (ஆறுமுகநேரி)

எடுக்கலாம். உலகம் முழுவதும் உப்பிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆனால் நீங்கள் சொல்லும் சாகுபுரம் போன்ற ஆலைகளில் நடப்பது வேறு. அங்கே உப்பைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் செலுத்துகிறார்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் சோடியம் உலோகமாகத் தலைகாட்ட முடியாது. ஒரு முனையில் குளோரின் வரும். மறுமுனையில் சோடியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் வெளியேற, கரைசலில் எரிசோடா தங்கும். பழைய பாதரசக் கலங்களில் மட்டும் சோடியம் ஒரு கணம் உலோகமாகிப் பாதரசத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அதையும் அடுத்த தொட்டியில் தண்ணீரோடு சேர்த்து எரிசோடாவாக்கிவிடுவார்கள்.

உலோகம் வேண்டுமானால் தண்ணீர் இல்லாமல் உப்பையே உருக்க வேண்டும். உப்பு 801 டிகிரியில்தான் உருகும். அந்தச் சூட்டில் பிரியும் சோடியம் ஆவியாகித் தொல்லை தரும் நிலையை நெருங்கிவிடும், ஏனெனில் அதன் கொதிநிலை 883 டிகிரி மட்டுமே. ஆகவே கால்சியம் குளோரைடைக் கலந்து உருகுநிலையை ஏறத்தாழ 600 டிகிரிக்கு இறக்குகிறார்கள். நடுவில் கிராஃபைட் முனை, சுற்றிலும் இரும்பு முனை, இரண்டுக்கும் இடையில் இரும்பு வலை. பிரிந்த சோடியமும் குளோரினும் ஒன்றையொன்று பார்த்துவிட்டால் மறுபடி உப்பாகிவிடும் என்பதால்தான் அந்த வலை. 1924இல் வந்த இந்தக் கலத்துக்கு அதை அமைத்த டவுன்ஸின் பெயரே நிலைத்துவிட்டது.

உங்கள் பாத்தியில் 3 டிகிரியில் (இது சூடு அல்ல, உப்புச் செறிவைக் காட்டும் போமே அளவு) இருக்கும் கடல் தண்ணீரை வெயில் காசு வாங்காமல் 25 டிகிரிக்கு ஏற்றி உப்பாக்கித் தருகிறது. அந்த உப்பைப் பிளப்பதற்கு மட்டும் மின்சாரக் கட்டணம் கட்டியாக வேண்டும். சோடியத்தின் விலை உப்பின் விலையன்று, பெரும்பாலும் மின்சாரத்தின் விலை.

"சோடாவில் சோடியம் உண்டா? அப்பளத்தில்?" (கல்லிடைக்குறிச்சி)

கோலி சோடாவில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரில் அழுத்தி ஏற்றிய கார்பன் டை ஆக்சைடுதான். பெயர் மட்டும் பழைய சோடா உப்பிலிருந்து வந்தது. உங்கள் ஊர் அப்பளத்தில் நிச்சயம் உண்டு. அப்பளக்காரம் என்பது முக்கியமாகச் சோடியம் கார்பனேட். இரண்டிலும் உலோகத்துக்கு வேலையில்லை.

"தண்ணீரில் போட்டால் வெடிப்பது ஏன்? ஹைட்ரஜன் தீப்பிடிப்பதால்தானே?" (பி.எஸ்ஸி. மாணவர், தென்காசி)

நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் நடத்தினேன், தம்பி. சோடியம் தண்ணீரோடு சேர்ந்து எரிசோடாவும் ஹைட்ரஜனும் தரும், அந்த வெப்பத்தில் துண்டு உருகி உருண்டையாகிச் சீறிக்கொண்டு தண்ணீர் மேல் ஓடும், ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். இவை அத்தனையும் சரி. ஆனால் ஒரு சந்தேகம் எப்போதும் இருந்தது. உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் வாயுப் படலம் வந்துவிட்டால், அது இரண்டையும் பிரித்து வினையை அடக்க வேண்டுமே, வெடிப்பு எங்கிருந்து வருகிறது?

2015இல் செக் நாட்டின் பாவெல் யுங்விர்த் குழுவினர், சோடியமும் பொட்டாசியமும் கலந்த திரவத் துளியைத் தண்ணீரில் விழவைத்து, அதிவேகக் கேமராவில் படம்பிடித்து விடை சொன்னார்கள். துளி தண்ணீரைத் தொட்ட ஒரு மில்லிவினாடிக்குள்ளேயே அதிலிருந்து கூரிய முட்கள் எல்லாப் பக்கமும் பாய்கின்றன. மேற்பரப்பு அணுக்கள் எலெக்ட்ரான்களைத் தண்ணீருக்குக் கொட்டிவிட, எஞ்சிய நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளித் துளியையே கிழிக்கின்றன; ஒவ்வொரு கிழிசலும் புது மேற்பரப்பைத் தண்ணீருக்குக் காட்டுகிறது. வாயுப் படலம் கட்டுவதற்கு முன்பே காரியம் முடிந்துவிடுகிறது. இருநூறு ஆண்டுகளாக வகுப்பறையில் காட்டிவந்த ஒரு வேடிக்கைக்கு இவ்வளவு பின்னால் விளக்கம் வந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

"ஆய்வகத்தில் விபத்து ஏதும் பார்த்ததுண்டா? சோடியம் தீப்பிடித்தால் எதை ஊற்றுவது?" (ஆய்வக உதவியாளர், சங்கரன்கோவில்)

எதையும் ஊற்றக்கூடாது என்பதே முதல் பாடம். தண்ணீர் தீயை வளர்க்கும். கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் உதவாது, எரியும் சோடியம் அதோடும் வினைபுரியும். உலர்ந்த மணல், சோடா சாம்பல், அல்லது உலர்ந்த உப்பு போட்டு மூடிக் காற்றை அடைக்க வேண்டும். உலோகத் தீக்கென்று விற்கும் உலர்பொடிகளில் ஒரு வகையே சோடியம் குளோரைடை அடிப்படையாகக் கொண்டது. உப்பிலிருந்து வந்ததை உப்பாலேயே அடக்குகிறோம்.

விபத்தும் பார்த்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கரிமச் சேர்மங்களில் நைட்ரஜனும் கந்தகமும் இருக்கிறதா என்று பார்க்கும் லாசைன் சோதனை நடந்துகொண்டிருந்தது. சிறு குழாயில் பட்டாணி அளவு சோடியத்தோடு பொருளைச் சேர்த்துச் செக்கச் சிவக்கச் சுட்டு, அப்படியே பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் உடைக்கும் சோதனை அது. ஆபத்து அங்கே இருக்கும் என்று எல்லோரும் அங்கேயே கவனமாக இருந்தோம். ஒரு மாணவர் சோடியம் சீவிய வடிதாளை, விளிம்பில் ஒட்டிய துகளோடு கழுவு தொட்டியில் போட்டுவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் குழாயைத் திறந்தார். படீரென்று ஒரு சத்தம், முழங்கை உயரத்துக்கு மஞ்சள் தீ, பீங்கான் தொட்டியில் குறுக்கே ஒரு விரிசல். யாருக்கும் காயமில்லை. அந்தத் தாளை யார் சேகரிக்க வேண்டும் என்று நான் சொல்லி வைக்கவில்லை, ஆகவே குற்றம் என்னுடையது. அன்றிலிருந்து சீவல்களுக்கென்று தனிக் கிண்ணம் வைத்து, வகுப்பு முடிந்ததும் நானே ஸ்பிரிட்டில் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைப்பேன். உங்கள் ஆய்வகத்திலும் அந்தக் கிண்ணத்துக்கு ஓர் ஆள் பெயர் சொல்லிப் பொறுப்பாக இருக்கட்டும்.

"கூடங்குளத்தில் சோடியம் பயன்படுகிறதா? ஊரில் அப்படி ஒரு பேச்சு இருக்கிறது." (இராதாபுரம்)

இல்லை. கூடங்குளத்தில் வெப்பத்தைக் கடத்துவது தண்ணீர். 300 டிகிரிக்கு மேல் சூடேறியும் அது கொதிக்காமல் இருக்க, வளிமண்டலத்தைப் போல நூற்றைம்பது மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். சோடியம் உள்ள இடம் கல்பாக்கம். அங்கே வேக ஈனுலையில் (எரிப்பதைவிட அதிகமாக அணு எரிபொருளை ஈனும் உலை) நியூட்ரான்களின் வேகம் குறையக்கூடாது. தண்ணீர் வேகத்தைக் குறைத்துவிடும், சோடியம் அவ்வளவாகக் குறைக்காது. வெப்பத்தையும் அது அருமையாகக் கடத்தும். 547 டிகிரியில் உலையை விட்டு வெளியே வந்தாலும் கொதிநிலை இன்னும் எட்டத்தில் இருப்பதால் பெரிய அழுத்தம் தேவையில்லை. அங்கே 1985இல் இயங்கத் தொடங்கிய சோதனை உலையும், 500 மெகாவாட் திறனுக்கு வடிவமைத்த முன்மாதிரி உலையும் இந்த வகையே.

இதன் விலை என்னவென்றால், ஒரு மெல்லிய உலோகச் சுவருக்கு ஒரு பக்கம் சூடான சோடியம், மறுபக்கம் நீராவி. அந்தச் சுவரில் ஊசித்துளைக்கும் இடம் கொடுக்க முடியாது. ஜப்பானின் மோஞ்சு உலையில் 1995 டிசம்பரில், வெப்பமானி செருகிய உறை முறிந்து சோடியம் கசிந்து தீப்பிடித்தது. கசிந்தது உலைக்கருவுக்குள் போகாத, கதிரியக்கமில்லாத இரண்டாம் சுற்றுச் சோடியம்தான் என்றாலும், அந்த உலை அதன் பின் நிமிரவே இல்லை.

"மின்கலத்தில் லித்தியத்துக்குப் பதில் சோடியம் வருகிறதாமே?" (ஸ்கூட்டர் பழுது பார்ப்பவர், வள்ளியூர்)

வருகிறது. அதில் ஓடுவது சோடியம் அயனி, உலோகத் துண்டு அல்ல. மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அதே எடைக்கு லித்தியம் அளவு மின்சாரம் தாங்காது. ஆகவே நிலையாக ஓரிடத்தில் இருக்கும் சேமிப்புக்குத்தான் முதலில் பொருத்தம் என்பது என் கருத்து.

"என் மகன் ஏழாம் வகுப்பு. சோடியத்தை வீட்டிலேயே செய்து காட்ட ஒரு துண்டு எங்கே வாங்கலாம்?" (தாயார், வண்ணார்பேட்டை)

வாங்காதீர்கள் அம்மா. ஆனால் பையன் அதைப் பார்க்க வழி இருக்கிறது. அடுத்த முறை உப்புப் போட்ட கஞ்சி பொங்கிக் கேஸ் அடுப்பில் வழியும்போது அவனை அழைத்துக் காட்டுங்கள். நீலத் தீ ஒரு நொடி மஞ்சளாகும். உப்பிலுள்ள சோடியம் சூட்டில் கணநேரம் தனி அணுவாகி, அதன் வெளி எலெக்ட்ரான் மேலே ஏறி இறங்கும்போது விடும் ஒளி அது. அலைநீளம் 589 நானோமீட்டர். அதே நிறத்தில் சூரிய ஒளியில் ஒரு கருங்கோட்டு இணை இருப்பதைக் கண்டு, சூரியனிலும் சோடியம் இருப்பதாக 1859இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் சொன்னார்.

எல்.இ.டி. வருவதற்கு முன் நம் தெருக்களில் எரிந்த மஞ்சள் விளக்கும் இதே அணுவின் வேலைதான். கரண்ட் போய் வந்தால் வீட்டு விளக்கு உடனே எரியும், தெரு விளக்கு மட்டும் ஆறும்வரை எரியாமல், பிறகு மங்கலாகத் தொடங்கி மெல்ல மஞ்சளுக்கு வருமே, நினைவிருக்கிறதா? சூடான குழாய்க்குள் அழுத்தம் தணியவும், பிறகு சோடியம் மறுபடி ஆவியாகவும் அவ்வளவு நேரம் பிடிக்கும். அதையும் மகனிடம் சொல்லுங்கள். அவன் பார்த்திருக்க மாட்டான்.